உயிர் இரை

பைக்கின் பின்சீட்டில் ஏறி, பந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ததேயுவின் பிடரியைப் பார்க்காமலிருக்கக் கிளீட்டஸ் சார் என்னவெல்லாமோ செய்து பார்த்தார். கடலைப் பார்த்தார், கருவாடு காயப்போட்டிருந்த வலையைப் பார்த்தார், கொடிமரத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். ஆனால் பைக்கில் பின்னால் இருக்கிற மனுஷனுக்கு முன்னால் இருக்கிறவனுடைய பிடரியைத் தவிர வேறு என்னதான் கிடைக்கும்? வெயிலில் கறுத்த பிடரி, நடுவில் மாதா படம் கோத்த உத்தரியத்தின் அழுக்குக் கயிறு, கயிற்றுக்குக் கீழே காலையில் முடிவெட்டின இடத்தில் ஒட்டியிருந்த பொடிமயிர். பயல் முடிவெட்டியிருக்கிறான். எப்போதும் இறுதிப் போட்டிக்கு வலையிழுத்த கையோடு வந்து நிற்கிறவன், இன்றைக்கு முடிவெட்டி, முகம் வழித்து, பவுடர் வேறு. வீட்டு வாசலில் வண்டியைக் கிளப்பும்போதே காரணத்தைச் சொல்லிவிட்டான். "சாரே, இன்னைக்கு ஷைனி வாறா. எனக்க பந்துகளியப் பாக்க இதுதான் முதல் தடவ. நான்தான் இத்தன நாளும் வராண்டாம்னு சொல்லி வச்சிருந்தேன்." நல்லது மக்களே, கட்டினவ வரட்டும், என்றார் இவர். ததேயு டேங்கை ஒரு தட்டுத் தட்டினான். "ஒரு காரியம் கேக்கட்டா? திருவிழா முடிஞ்சா நான் ஆழ்கடலுக்குப் போறேன்லா, இனி பந்துமில்ல மண்ணுமில்ல. இன்னைக்கு மட்டும் ஜூட கொஞ்சம் எனக்க பக்கமா நிக்கச் சொல்லுங்க. அவ முன்னால ஓட்டவள்ளம்னு பேரு கேக்க ஒருமாதிரி இருக்கு." பாப்போம்லே, வண்டிய எடு, என்று சொல்லிவிட்டார். பாப்போம்! எத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் அவர். 

ஜூடு பக்கத்தில் நிற்கக் கூடாது. அதுதான் காரியமே. ஜூடு ஸ்டாப்பர், கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கிற காவல். அவன் வலப்பக்கமாக விலகி, ஏதோ மறந்துபோனவன்போல நிற்க வேண்டும். இடது ஓரத்தில் ததேயு ஒற்றைக்கு நிற்க வேண்டும். எதிராளி அந்த வெற்றிடத்தைப் பார்த்து, அடடா, இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது என்று வாயூறி, பந்தையெல்லாம் அந்தப் பக்கமே கொண்டுவர வேண்டும். ததேயு ஓடி, திணறி, முகம் வெளிறி, காலை விட்டுத் தோற்க வேண்டும். அவன் தோற்கிற அந்த நொடியில் ஜூடும் இரண்டு பேரும் மூன்று பக்கமிருந்து வந்து மூடிவிடுவார்கள். பந்து இவர்கள் காலில், எதிரணி முழுக்க இந்தப் பாதியில், வலது ஓரம் திறந்து கிடக்கும். அப்புறம் ஒரே நீட்டல், கோல். சின்னமணல்துறை அணி இத்தனை கோப்பை எடுத்தது இப்படித்தான். கிளீட்டஸ் சாருக்க பூட்டு என்று அக்கம்பக்கத்துத் துறைகளிலெல்லாம் பேச்சு. ஒரு பத்திரிகைக்காரன் வந்து வெற்றிக்கு என்ன காரணம் என்று கேட்டபோது, கட்டுப்பாடு என்று சொன்னார், வெட்கமில்லாமல். எல்லாருக்கும் பூட்டு தெரியும். பூட்டுக்கு உள்ளே வைத்திருக்கிற உயிர் இரை தெரியாது. இரைக்கும் தெரியாது. அட, அதைச் சொல்லத்தானே இந்தப் பாவி மனுஷனுக்கு இத்தனை வருடமாக நா எழவில்லை.

வண்டி ஐஸ் கம்பெனி திருப்பத்தில் குலுங்கியது. "பிடிச்சிக்கிடுங்க சாரே" என்றான் ததேயு. தோளைப் பிடித்தார், உடனே கையை எடுத்து சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முதல் வருடங்களில் இதெல்லாம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக வந்த புதிது. பயிற்சி முகாமில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே கொண்டுவந்து மணலில் கட்டிப் பார்த்தார், நாலு பேர் பின்னால், நாலு பேர் நடுவில், இரண்டு பேர் முன்னால். ஊர்ப் பிள்ளைகள் கோயில் பெஞ்சில் இருப்பதுபோல வரிசையாக நின்று வரிசையாகத் தோற்றார்கள். கோச்ச மாத்துங்கப்பா என்று கமிட்டியில் சத்தம். பிறகு ஒருநாள் இடதுபக்க ஆளுக்குக் காய்ச்சல், மாற்று ஆளுமில்லை, அவனே நடுங்கிக்கொண்டு நின்றான், எதிரணி மொத்தமும் அவன் பக்கமே வந்து குவிந்தது, அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பெரிய வெற்றி. ஊர் கும்மாளம் போட்டது. இவர் மட்டும் தூங்காமல் கிடந்து அந்தக் காய்ச்சல்காரனை யோசித்தார். அப்போதுதான் அப்பனுடைய குரல் வந்தது, வள்ளத்தில் இருந்துகொண்டு, கொள்ளியில், அந்தத் தூண்டில்முள்ளில், சின்ன மீனை முதுகுத்தோலில் மட்டும் குத்திக் கட்டுகிற அப்பன். எலே, சாவடிச்சிராத, செத்த எரைய சீண்டிப் பாக்க நாதியில்ல, பிடைச்சாத்தான் பெரியவன் வருவான். பிடைக்கணும், துடிக்கணும். சாகவும் கூடாது, தப்பவும் கூடாது. அட, எவ்வளவு சுலபமாகப் புரிந்தது அன்றைக்கு! மீனுக்குச் சொன்னதை மனுஷனுக்கு எடுத்துக்கொண்டோமே என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷமாவது கூசியிருக்க வேண்டாமா? கூசவில்லை. சந்தோஷம்தான் வந்தது. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

ஸ்டெல்லசிடம் சொல்லித்தான் செய்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். ததேயுவுக்கு முன்னால் இடது ஓரத்தில் நின்றவன் ஸ்டெல்லஸ், கோயில் நாடகத்தில் வருடா வருடம் யூதாஸ் வேஷம் கட்டுகிறவன். அவனை உட்காரவைத்து, நீ தோக்கிற மாதிரி தோக்கணும், பின்னால நாங்க இருக்கோம் என்று விளக்கமாகச் சொன்னார். அந்தக் கூறுகெட்டவன் என்ன செய்தான்? பந்து வருவதற்கு முன்னாலேயே ஐயோ என்று விழுந்தான். எழுந்தான். தலையில் கைவைத்து வானத்தைப் பார்த்தான். நடுவரே சிரித்துவிட்டார். எதிரணிக் கோச், எலே அது நாடகம்லே, அந்தப் பக்கம் போவாதீங்க என்று கத்தினான், அவ்வளவுதான், கோப்பை போச்சு. அன்றைக்குக் கிளீட்டஸ் படித்த பாடம் இது: தெரிந்தவனுக்குப் பயம் வராது, பயம் வராதவன் பக்கம் யாரும் வரமாட்டான். அதற்கு அடுத்த வருடம் ததேயு வந்தான். கடலிலிருந்து நேரே வந்து, எங்க நிக்கணும் சாரே என்று கேட்டான். இங்க, என்று இடது ஓரத்தைக் காட்டினார். வலதுகால்காரன், இடது ஓரத்தில் நிறுத்தினால் ஒரு நொடி எப்போதும் தாமதம். பயப்படுகிறவன், ஆனால் விட்டு ஓடாதவன். கீழே தள்ளினால் மணலைத் தட்டாமல்கூட எழுந்து மறுபடியும் துரத்துகிறவன். அப்படி ஒருத்தன் லட்சத்தில் ஒருத்தன். திறமை கெட்டவனையா தேர்ந்தெடுத்தார்? இல்லையே, அணியிலேயே நேர்மையானவனை அல்லவா தேர்ந்தெடுத்தார். இதைச் சொன்னால் அவனுக்கு ஆறுதலாக இருக்குமா? ச்சீ, யாருக்கு ஆறுதல்? உனக்கா அவனுக்கா? ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையாக இருக்கிறது உன் கதை.

ஏச்சுதான் கொடுமை. மற்றதெல்லாம் போகட்டும் என்றாலும் அந்த ஏச்சை எங்கே கொண்டுபோய் வைக்க? அது பின்னால் சேர்ந்தது. பூட்டு வருடத்துக்கு வருடம் மெருகேறிக்கொண்டே வந்தது, தச்சன் கதவை இழைப்பதுபோல இழைத்துக்கொண்டே இருந்தார். ஜூடு எவ்வளவு விலகி நிற்கணும், காற்று எதிரே அடித்தால் எவ்வளவு, முதல் கோல் போனால் போகட்டும், அதுவும் இரைதான் என்று எல்லாம் சேர்ந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் பாய ஒரு அடையாளம் வேண்டியிருந்தது. விசில் அடிக்க முடியாது, கைகாட்டினால் எதிராளிக்குத் தெரியும். ஒருநாள் நிஜமாகவே ஆத்திரத்தில், "ததேயு, கண்ணு எங்கலே கெடக்கு!" என்று கத்தினார். கத்தின சத்தத்தில் ஜூடு தானாகப் பாய்ந்தான். பந்து கிடைத்தது. அவ்வளவுதான், அதுவே அடையாளமாயிற்று. ஊருக்கு அது ஏச்சு. எதிரணிக்கு அது, ஓகோ இவன்தான் சொத்தை என்கிற துப்பு. ஜூடுக்கும் மற்றவர்களுக்கும் அது ஓடு என்கிற உத்தரவு. ததேயுவுக்கு? ததேயுவுக்கு அது வெறும் ஏச்சு. ஒவ்வொரு ஆட்டத்திலும் நாலு தடவை, ஐந்து தடவை, ஊர்ச் சனம் பார்க்க, கோயில் மதில்மேல் வரிசையாக இருக்கிற பெண்டுகள் கேட்க. ஆட்டம் முடிந்து ஜூடைத் தோளில் தூக்குவார்கள். ஜூடு இல்லன்னா இன்னைக்கு வள்ளம் முங்கியிருக்கும் என்பார்கள். முங்கவிருந்த வள்ளம் யார், ததேயு. ஓட்டவள்ளம். மீன் ஏலக்கூடத்தில் அந்தப் பேர், சலூனில் அந்தப் பேர். அவனுடைய கல்யாண விருந்தில் எவனோ ஒரு நாதாரி மைக்கைப் பிடித்து, மாப்பிள்ளை வீட்டு வாசலுக்காவது ஒழுங்கா காவல் நிப்பாரா என்று கேட்டான். பந்தலே சிரித்தது. கிளீட்டசும் சிரித்தார், வாயில் சோற்றோடு. ததேயுவும் சிரித்தான். ஷைனி மட்டும் புரியாமல் அவனைப் பார்த்தாள், வேற்றூர்க்காரி, அவளுக்குப் பந்து தெரியாது. அந்தப் பார்வை இன்னமும் இவரை விடவில்லை, சோறு நன்றாக இருந்தால்கூட அது ஞாபகத்துக்கு வந்து கெடுத்துவிடுகிறது.

சாமியாரிடம் பாவம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். சாமி, ஒருத்தனுக்குத் தெரியாம அவன ஒரு காரியத்துக்குப் பயன்படுத்துதேன் என்று ஆரம்பித்தார். பங்குச்சாமியார் பந்துப் பைத்தியம். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, யாரு, இடது ஓரத்து லெஃப்ட் பேக்கா என்று கேட்டார்! உள்ளே வேர்த்துவிட்டது. பிறகு சாமியார், அணிக்காக ஒருத்தன் கஷ்டப்படுறது தியாகம்தானே கிளீட்டஸ், மூணு அருள்நிறை செபம் சொல்லிட்டுப் போங்க, அரையிறுதிக்குக் காற்று மேற்கேன்னா யோசிச்சு நிறுத்துங்க என்றார். தியாகம்! தெரிந்து செய்தால் தியாகம். தெரியாமல் செய்தால் அதற்கு என்ன பேர் சாமி என்று கேட்கக் கிளீட்டசுக்கு வாய் வரவில்லை. மூன்று அருள்நிறை சொன்னார். அரையிறுதியில் ஜெயித்தார்கள். ததேயுவுக்குக் கணுக்கால் வீங்கிப்போயிற்று.

இப்போது பாலம் வந்துவிட்டது. பாலத்தைத் தாண்டினால் கோயில் கோபுரம், கோபுரத்துக்குப் பின்னால் மைதானம். மைக்செட் சத்தம் காற்றில் விட்டுவிட்டுக் கேட்டது. சொல்லாவிட்டால் என்ன? இன்றைக்கும் வழக்கம்போல ஆடி, கோப்பையைத் தூக்கி, ததேயு ஆழ்கடலுக்குப் போய்விடுவான். மாதக்கணக்கில் வானமும் தண்ணியுமாகப் படகில் கிடந்து, நான் ஒரு உபயோகமில்லாத விளையாட்டுக்காரன், சார் பெரியமனசு பண்ணி இத்தனை வருடம் வைத்துக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டே கொள்ளியில் இரை குத்துவான். நாளைக்குத் தன் பிள்ளைக்கும் அதையே சொல்லுவான். சொன்னால் என்ன? பூட்டு உடையும். எதிரணி ஆற்றுமுகம், அவர்களிடம் பூட்டு இல்லாமல் ஜெயிக்க இந்த அணிக்கு வேறு வழி தெரியாது, இவர் வேறு வழி சொல்லிக்கொடுக்கவே இல்லை. இத்தனை வருடம் இழைத்து இழைத்து ஒரே ஒரு கதவுதான் செய்து வைத்திருக்கிறார். பூட்டு போனால் கிளீட்டஸ் யார்? பென்ஷன் வாங்குகிற பி.டி. வாத்தியார். ஓ, அப்படியா, இதுதானா உன் பயம்? இத்தனை வருடம் அணிக்காக, ஊருக்காக என்று சொன்னதெல்லாம் இந்த ஒரு பயத்துக்குப் போட்ட சட்டைதானா? காற்றில் ததேயுவின் சட்டைக் காலர் படபடத்து இவர் முகத்தில் தட்டியது. பவுடர் வாசனை. பெண்டாட்டி போட்டுவிட்டிருப்பாள்.

"நிறுத்து மக்களே" என்றார்.

"என்ன சாரே, மூத்திரமா?"

"இல்லலே. நிறுத்து."

பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தினான். கிளீட்டஸ் இறங்கவில்லை. இறங்கினால் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பிடரியிடமே சொன்னார். ஜூடு ஏன் விலகி நிற்கிறான், காய்ச்சல்காரன், ஸ்டெல்லஸ், இரை, எல்லாம் முன்னுக்குப் பின்னாக வந்தது. ஏச்சு ஏச்சில்லை, ஜூடு பாய்வதற்கான அடையாளம் என்பதையும் சொன்னார். "நீ தோத்ததே இல்ல மக்களே. நீ தோக்கணும்னு நான்தான் நிறுத்தி வச்சேன். நான்தான் பாவி." சொல்லிமுடித்தபோது நெஞ்சு காலியானதுபோல இருந்தது. உடனே அதற்கும் வெட்கம் வந்தது, பாரத்தை இறக்கிவைக்கவும் அவன் முதுகுதான் கிடைத்ததா என்று. ததேயு திரும்பவில்லை. கீழே, ஆறு கடலில் சேர்கிற பொழியில் எவனோ வலை வீசினான், அது விரிந்து விழுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜூடுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கோலிக்கு?"

"தெரியும் மக்களே. தெரியாம ஓட முடியாதுலா."

"அப்போ பத்து பேருக்கும்."

 இதைக் கிளீட்டஸ் நினைக்கவே இல்லை, அதுதான் வேடிக்கை. குற்றம் முழுக்கத் தன்னுடையது என்று பெரிய மனுஷன்போல ஒற்றைக்குச் சுமந்துகொண்டிருந்தார். ஜூடு ததேயுவின் மூத்த பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் நின்ற ஞானத்தகப்பன். கோல் காக்கிற கோலியும் இவனும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்கள். ஒரே சட்டியில் சோறு தின்றுகொண்டு, ஓட்டவள்ளம் என்று கூப்பிட்டுக்கொண்டு, பத்து பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், சார் சொன்னார் என்பதற்காக. இவனிடமிருந்து ஒரே அடியாகப் பத்து கூட்டுகாரர்களையும் பிடுங்கிக்கொண்டோமே என்று இப்போதுதான் உறைத்தது. சொல்லாமலே இருந்திருக்கலாமோ? ஐயோ, சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"நேரமாச்சு சாரே" என்று சொல்லி ததேயு வண்டியைக் கிளப்பினான்.  மைதானத்தில் நுழையும்போதே மதில்மேலிருந்து, ஓட்டவள்ளம் கரை புடிச்சாச்சு டோய் என்று ஒரு குரல். வழக்கமாகத் தலையைக் குனிந்து சிரிப்பான். இன்றைக்குச் சிரிக்கவில்லை. மதிலின் கோடியில் நீலச்சேலையில் ஷைனி, குடையை மடக்கிக் கையாட்டினாள், அவனும் ஆட்டினான். வட்டமாக நின்று காலை உதறிக்கொண்டிருந்த பத்து பேரும், வா மாப்ள, வந்து சேரு என்று கூப்பிட்டார்கள். ததேயு அவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தான். கிளீட்டஸ் அந்த முகத்தைப் பார்த்தார். வெளிறியிருந்தது. கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. இத்தனை வருடம் எதிராளியைக் கண்டு வந்ததைவிடப் பெரிய பயம், சொந்த ஆட்களைக் கண்டு. அதைப் பார்த்ததும் இந்த மனுஷனுடைய மனசு, கர்த்தரே மன்னியும், தானாகவே கணக்குப் போட்டது: பூட்டு பலிக்கும், இன்றைக்கும் பலிக்கும். அந்தக் கணக்கைக் காலால் நசுக்குவதுபோல மணலை மிதித்தார். ஜூடைக் கூப்பிட்டு, இன்னைக்கு ததேயு பக்கத்துல நில்லு, ஏச்சு கெடையாது, என்று சொன்னார். ஜூடு புரியாமல் தலையை ஆட்டினான்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்சநேரம் ஜூடு பக்கத்தில்தான் நின்றான். ஆனால் பழகின கால், மெல்ல மெல்ல வலதுபக்கம் நகர்ந்து பழைய இடத்துக்கே போய்விட்டது. ஆற்றுமுகத்தார் மோப்பம் பிடித்துவிட்டார்கள். பந்து இடது ஓரத்துக்கு வந்தது, பின்னாலேயே மூன்று பேர். ததேயு ஒற்றைக்கு. துரத்தினான், விழுந்தான், மணலைத் தட்டாமல் எழுந்தான், மறுபடியும் துரத்தினான். ஜூடு கோட்டுக்கு வெளியே நிற்கிற கிளீட்டசைப் பார்த்தான், சத்தம் வருமென்று. வரவில்லை. கிளீட்டஸ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பந்து கோலை நோக்கித் திரும்பியது. ஓடிக்கொண்டே ததேயு தலையைத் திருப்பினான், மைக்செட்டையும் மீறி மைதானம் முழுக்கக் கேட்கிற குரலில் கத்தினான்.

"சாரே, ஏசுங்க! என்னத்துக்கு நிக்கிய? ஏசுங்க சாரே!"

கிளீட்டசின் கை தானாக விலகியது. "ததேயு, கண்ணு எங்கலே கெடக்கு!" என்ற சத்தம் தன் தொண்டையிலிருந்துதான் வருகிறதா என்றே அவருக்குத் தெரியவில்லை. மூன்று பக்கமிருந்தும் பாய்ந்தார்கள், பந்து ஜூடின் காலில், ஒரே நீட்டல், வலது ஓரம் திறந்து கிடந்தது, கோல். ஊர் எழுந்து நின்று கத்தியது. ஏச்சைக் கேட்டுவாங்குகிற ஓட்டவள்ளத்த இப்பத்தாம்லே பாக்கேன் என்று எவனோ சொல்ல, மதில் முழுக்கச் சிரித்தது. ஷைனி சிரிக்கவில்லை. குடையைக் கையில் பிடித்துக்கொண்டு, கிளீட்டஸ் நிற்கிற கோட்டோரத்தைப் பார்த்தபடி மதிலிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தாள்.